பழைய காரில் பின் பிரேக் பிடிக்கவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் ஓடுவது 1999ஆம் வருட மாருதி 800. அதன் பிரேக் வேலையைப் பல வருடங்களாக நானேதான் பார்க்கிறேன் என்பது சொந்தத்திலும் அக்கம்பக்கத்திலும் பரவிவிட்டதால், பழைய கார் வைத்திருப்பவர்கள் போன் போட்டுக் கேட்பார்கள். கேட்பது பெரும்பாலும் பின் பிரேக்கைப் பற்றித்தான். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள சின்னக் கார்களை மனதில் வைத்து எழுதியது இது. டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புக் கிண்ணம்; பெடலை மிதித்தால் உள்ளே இருக்கும் ஷூ என்ற இரண்டு வளைந்த துண்டுகள் விரிந்து அதன் உள்சுவரைப் பிடிக்கும். ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டைதான் லைனிங். 800, ஜென், ஆல்டோ, சான்ட்ரோ, இண்டிகா எல்லாம் இதில் அடங்கும். அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். மாறும் இடத்தில் சொல்லியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டிரம்மைத் திறந்து பார்க்காமல் எந்த சாமானையும் வாங்காதீர்கள்.

பெடல் மிதிச்சா வண்டி நிக்குதே, பின் பிரேக் வீக்னு எப்படிச் சொல்றீங்க?

முன் பிரேக் தனியாகவே வண்டியை நிறுத்திவிடும். அதனால்தான் பின்னால் கெட்டுப்போனது மாதக்கணக்கில் தெரியாமல் கிடக்கிறது. ஆனால் அடையாளங்கள் உண்டு. ஹேண்ட் பிரேக் லிவர் நாளாக நாளாக மேலே மேலே வரும். பிரேக் போட்டால் வண்டியின் மூக்கு அளவுக்கு மீறிக் குனியும். முன் பேடு (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் துண்டு) சீக்கிரம் தேயும். "போன வருஷம்தானே மாத்தினேன், அதுக்குள்ள போச்சே" என்று யாராவது சொன்னால் நான் போய்ப் பார்ப்பது பின் சக்கரத்தைத்தான்.

வீட்டிலேயே சோதிக்கலாம். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பின்னால் ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். ஒருவர் பெடலை மெதுவாக மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். லேசாக மிதிக்கும்போதே பிடிக்க ஆரம்பித்து, நன்றாக மிதித்தால் அசைக்க முடியாமல் நிற்க வேண்டும். ஹேண்ட் பிரேக்குக்கும் இதே சோதனைதான். இரண்டு பக்கமும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

இதைவிடச் சுலபமான வழியும் ஒன்று இருக்கிறது. டவுனுக்குள் பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்து, புறங்கையை டிரம்முக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. இரண்டும் சில்லென்று இருந்தால் பின்னால் வேலையே நடக்கவில்லை என்று அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அது வேறு கதை, பின்னால் வருகிறேன்.

முக்கால்வாசி வேலைய முன் பிரேக்தான் பாக்குதுங்கறாங்க. அப்புறம் எதுக்கு பின்னாடி மெனக்கெடணும்?

சொல்வது உண்மைதான். பிரேக் போடும்போது பாரம் முன்னால் சாய்கிறது, பின் டயருக்கு ரோட்டோடு உள்ள பிடி குறைகிறது. அதனால் கம்பெனியே பின் பிரேக்கைச் சின்னதாகத்தான் வைக்கிறது. ஆனால் அந்த மீதிப் பங்கு இல்லாமல் போனால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும், முன் டிஸ்க் சீக்கிரம் சூடேறும். நாலு பேரும் டிக்கி நிறைய சாமானுமாகப் போகும்போது பின்னால் பாரம் கூடி இருக்கும், அங்கே பிடிப்பும் அதிகம் கிடைக்கும். அந்த நேரத்தில் பின் பிரேக் இல்லையென்றால் நஷ்டம் உங்களுக்குத்தான். ஹேண்ட் பிரேக்கும் பின் சக்கரத்தில்தானே இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான ஆசையும் சிலருக்கு வரும், பின்னால் இன்னும் பலமாகப் பிடிக்க வேண்டுமென்று. வேண்டாம். ஈர ரோட்டில் முன் சக்கரத்துக்கு முன்பே பின் சக்கரம் லாக் ஆனால் வண்டியின் வால் பக்கவாட்டில் வீசிவிடும். கம்பெனி கொடுத்த அளவுக்குப் பிடித்தால் போதும்.

முதல் மிதியில பெடல் கீழ போகுது, ரெண்டாவது மிதியில மேல வந்து கெட்டியா நிக்குது. மாஸ்டர் சிலிண்டர் போச்சுங்கறாங்க, மாத்திடட்டுமா?

பொறுங்கள். மாஸ்டர் சிலிண்டர் என்பது பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றிச் சக்கரங்களுக்கு அனுப்பும் பாகம். அது போச்சு என்ற பேச்சைக் கேட்டு நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். ஒரு கடையில் மாஸ்டர் சிலிண்டரை மாற்றிப் பணமும் கொடுத்து வந்தேன். பெடல் பழையபடியே இருந்தது. பிறகு டிரம்மைத் திறந்தால் இரண்டு பக்கமும் அட்ஜஸ்டர் (ஷூ தேயத் தேய அதை டிரம்முக்குக் கிட்டே நகர்த்தும் பாகம்) துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமானதால் முதல் மிதி முழுவதும் ஷூவை நகர்த்துவதிலேயே செலவாகியிருக்கிறது.

பெடலே காரணத்தைச் சொல்லும். இரண்டாவது மிதியில் மேலே வந்து கல் மாதிரி நின்றால், பெரும்பாலும் பின் ஷூ அட்ஜஸ்ட்மென்ட்தான். மேலே வந்தும் பஞ்சை மிதிப்பது போல இருந்தால் லைனில் ஏர் இருக்கிறது. மிதித்து அப்படியே அரை நிமிடம் பிடித்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்ல இறங்கினால், வெளியே எங்கேயும் கசிவு இல்லையென்றால், அப்போதுதான் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகப்பட வேண்டும்.

ஹேண்ட் பிரேக் லிவர் உச்சி வரைக்கும் வருது. கேபிளை டைட் வெச்சா போதும்ல?

எல்லோரும் செய்கிற தவறு இதுதான். கேபிள் அவ்வளவு சுலபமாக நீளாது. ஷூ தேய்ந்து அட்ஜஸ்டர் நகராமல் இருப்பதால்தான் லிவர் மேலே வருகிறது. அந்த நிலையில் கேபிளை முறுக்கினால் லிவர் சரியாகிவிடும், உங்களுக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் டிரம்முக்குள் இருக்கும் ஹேண்ட் பிரேக் கை தன் இடத்துக்கு முழுதாகத் திரும்பாமல் பாதியில் நிற்கும். அதனால் ஷூவும் சரியாக உட்காராது, தானாக நகர வேண்டிய அட்ஜஸ்டரும் நகராது. நாளுக்கு நாள் கால் பிரேக் இன்னும் கீழே போகும்.

முறை இதுதான். முதலில் கேபிளை நன்றாகத் தளர்த்துங்கள். உள்ளே ஷூவை அட்ஜஸ்ட் செய்யுங்கள். பெடலைப் பலமுறை மிதித்து ஷூவை நடுவில் உட்காரவிடுங்கள். கடைசியில்தான் கேபிள். ஐந்தாறு சத்தத்துக்குள் வண்டியைப் பிடிக்க வேண்டும். லிவரைக் கீழே விட்டால் இரண்டு சக்கரமும் தாராளமாகச் சுற்ற வேண்டும்.

டிரம் கழலவே மாட்டேங்குது. சுத்தியால அடிக்கலாமா?

விளிம்பில் அடித்தால் உடையும், அது வார்ப்பு இரும்பு. முதலில் ஹேண்ட் பிரேக்கை விடுவித்தீர்களா என்று பாருங்கள் (சிரிக்காதீர்கள், நானும் மறந்திருக்கிறேன்). விடுவித்த பிறகு வண்டியைப் பிடித்து வைத்திருப்பது கட்டைகள் மட்டும்தான் என்பதும் நினைவிருக்கட்டும். முன் சக்கரம் இழுக்கும் வண்டியில் முதல் கியரில் போட்டு வைப்பது கூடுதல் பாதுகாப்பு. அம்பாசடர், பத்மினியில் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் கியர் உதவாது.

பழைய டிரம்மில் ஷூ உரசும் இடம் குழிந்து, ஓரத்தில் ஒரு வரப்பு மாதிரி நின்றுவிடும். ஷூ அந்த வரப்பில் மாட்டிக்கொள்வதால்தான் டிரம் வர மறுக்கிறது. பின்தட்டில் உள்ள ரப்பர் மூடியை எடுத்து, அந்த ஓட்டை வழியாக அட்ஜஸ்டரைத் தளர்த்தினால் ஷூ உள்ளே சுருங்கும். பல டிரம்களின் முகத்தில் மரை போட்ட இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கும். அதில் பொருந்தும் போல்ட்டை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி முடுக்கினால் டிரம் தானாகத் தள்ளிக்கொண்டு வரும். சில மாடல்களில் டிரம்மும் ஹப்பும் ஒரே வார்ப்பு; நடு நட்டைக் கழற்றினால்தான் டிரம் வரும். அந்த நட்டை மீண்டும் போடும்போது அந்த மாடலுக்குச் சொன்ன டார்க் (முடுக்க வேண்டிய பலத்தின் அளவு) முக்கியம். அது உங்களுக்குப் பழக்கமில்லையென்றால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

டிரம்மைத் திறந்தாச்சு. இப்ப எதைப் பாக்கணும்?

முதலில் தூசியை ஊதாதீர்கள். கம்ப்ரசர் காற்று அடிக்கவே கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. தண்ணீரோ பிரேக் கிளீனரோ தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டித் தூக்கிப் போடுங்கள். எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் எது எந்த ஓட்டையில் இருந்தது என்பது பத்து நிமிடத்தில் மறந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பிரித்தால், சந்தேகம் வந்தால் இன்னொரு பக்கத்தைப் போய்ப் பார்க்கலாம்.

அப்புறம் ஷூ. லைனிங் தடிமனாக இருக்கிறதே, தேயவே இல்லையே என்று சந்தோஷப்படாதீர்கள். அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியும் லைனிங் புதுசு போல இருந்தால் அது டிரம்மைத் தொடவே இல்லை என்றுதான் பொருள். மேல்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தால் லேசாக உரசி உரசி மெழுகிப் போயிருக்கிறது. வண்டி முன்னால் ஓடும்போது முன்பக்கம் இருக்கும் ஷூதான் டிரம்மின் சுழற்சியால் உள்ளே இழுக்கப்பட்டு அதிகம் பிடிக்கும், அதனால் அதுதான் கூடுதலாகத் தேயும். அந்த வித்தியாசத்தைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். ஒட்டு லைனிங் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கிட்டே வந்தால் மாற்றிவிடுங்கள். ரிவெட் அடித்ததென்றால் ரிவெட் தலை தெரிய ஆரம்பிக்கும் முன்பே மாற்ற வேண்டும்.

வீல் சிலிண்டரின் (ஆயில் அழுத்தத்தால் ஷூவைத் தள்ளும் பாகம்) இரண்டு முனையிலும் உள்ள ரப்பர் மூடியை நகத்தால் லேசாக விலக்குங்கள். உள்ளே ஈரம் இருந்தால் கசிவு தொடங்கிவிட்டது. வெளியே சொட்டும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்து, ஒருவர் பெடலை மிக மெதுவாகக் கால் அங்குலம் மட்டும் அழுத்தட்டும், நீங்கள் ஷூவைப் பாருங்கள். இரண்டு ஷூவும் நகர வேண்டும். ஒன்று மட்டும் நகர்ந்தால் மற்ற பிஸ்டன் துருவில் பிடித்துக்கொண்டிருக்கிறது. டிரம் இல்லாமல் அழுத்தி மிதித்தால் பிஸ்டன் வெளியே குதித்துவிடும், அதனால் அந்தக் கால் அங்குலத்தை மீற வேண்டாம்.

கடைசியாக, பின்தட்டில் ஷூவின் ஓரம் உரசும் ஆறு இடங்கள் பெரும்பாலும் இருக்கும். அங்கே பள்ளம் விழுந்திருந்தால் ஷூ அதில் மாட்டிக்கொண்டு திரும்பாது. தேய்த்துச் சமன் செய்து, சூடு தாங்கும் கிரீஸை மிளகு அளவுக்கு வையுங்கள். கடுகு அளவு என்றாலும் சரி, தாராளம் வேண்டாம்.

ஷூ மேல ஆயில் ஊறியிருக்கு. பெட்ரோல்ல கழுவி உப்புத்தாள் போட்டா போதும்ங்கறார் மெக்கானிக்.

போதாது. லைனிங் பஞ்சு மாதிரி ஆயிலை உறிஞ்சி வைத்திருக்கும். கழுவிய அன்று நன்றாக இருக்கும்; சூடேறியதும் உள்ளிருந்து திரும்பக் கசியும். ஊறிய ஷூவை மாற்றத்தான் வேண்டும், இரண்டு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டால் பிடிப்பு சமமாக இருக்காது. வெறுமனே மெழுகிப்போன ஷூவுக்கு உப்புத்தாள் போடுவது வேறு விஷயம், அது பரவாயில்லை.

எந்த ஆயில் என்று கண்டுபிடிக்காமல் புது ஷூ போட்டால் அதுவும் வீண். வீல் சிலிண்டர் பக்கம் ஈரமாக இருந்தால் பிரேக் ஆயில். அம்பாசடர், பத்மினியில் ஆக்சில் வழியாக கியர் ஆயிலும் வரும். அது கெட்டியாக இருக்கும், நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு ஆக்சில் ஆயில் சீல் மாற்ற வேண்டும். சின்னக் கார்களில் பேரிங் கிரீஸ் உருகி வருவதும் உண்டு.

வீல் சிலிண்டருக்கு கிட் மட்டும் போடலாமா, இல்ல முழுசா மாத்தணுமா?

உள்சுவரை விரல் வைத்துப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் கிட் (உள்ளே இருக்கும் ரப்பர்களின் செட்) போடலாம். துருப்புள்ளி, குழி இருந்தால் புது ரப்பரை அந்தக் குழி சில மாதத்தில் கிழித்துவிடும். சின்னக் கார்களுக்குப் புது சிலிண்டரே பெரிய விலை இல்லை என்பதால் நான் கிட் போடுவதை விட்டுவிட்டேன். கிடைக்காத மாடல் என்றால் மட்டும் கிட்.

ஆட்டோ அட்ஜஸ்டர் இருக்கே, அதுவே தன்னால சரி பண்ணிக்காதா?

புது வண்டியில் சரி பண்ணிக்கொள்ளும். இருபது வருட வண்டியில் அது பெயரளவுக்குத்தான் ஆட்டோ. மழைத் தண்ணீரும் பிரேக் தூசியும் சேர்ந்து பல்லில் இறுகிவிடும். கழற்றி, கம்பி பிரஷ் போட்டு, மரையில் கொஞ்சம் கிரீஸ் வைத்து, கையால் சுலபமாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். பல் மழுங்கியிருந்தால் மாற்றுங்கள்.

மரை வைத்துச் சுற்றும் வகை அட்ஜஸ்டரில் இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் மரை எதிரெதிர் திசையில் இருக்கும். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு மாற்றி மாட்டிவிட்டால், ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் அட்ஜஸ்டர் இறுகுவதற்குப் பதிலாகத் தளர்ந்துகொண்டே போகும். "வேலை செய்த மறுநாள் நல்லா இருந்தது, ஒரு மாதத்தில் பழையபடி ஆயிடுச்சு" என்ற புகாரின் பின்னால் இந்தக் குளறுபடியும் இருக்கலாம்.

டிரம்மை லேத்துல கடைசல் போடச் சொல்றாங்க. தேவையா?

நகத்தில் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால், அல்லது பிரேக் போடும்போது பெடல் காலில் துடித்தால் (டிரம் வட்டம் கெட்டிருக்கும்) தேவை. லேசான கோடுகளுக்குத் தேவையில்லை. டிரம்மிலேயே அதிகபட்ச உள்விட்டம் எவ்வளவு என்று வார்த்திருக்கும். கடைந்த பிறகும் அந்த அளவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் டிரம் மெலிந்து சீக்கிரம் சூடேறும், ஷூவின் வளைவும் டிரம்மின் வளைவும் பொருந்தாமல் நடுவில் மட்டும் தொடும். அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். கண்ணால் பார்த்தே "போதும் சார்" என்று சொல்லும் லேத்துக்குக் கொடுக்காதீர்கள்.

ஷூ, சிலிண்டர் எல்லாமே புதுசு போட்டேன். இப்ப முன்னைவிட மோசமா இருக்கே?

இது சகஜம், பாதி நேரம் பயப்பட எதுவும் இருக்காது. புது ஷூ டிரம்மின் வளைவுக்குப் பழக நாளாகும். முதல் இருநூறு முன்னூறு கிலோமீட்டருக்கு மிதமாகப் பிரேக் போட்டு ஓட்டுங்கள். மேடு பள்ளம் உள்ள பழைய டிரம்மில் புது ஷூ போட்டிருந்தால் இன்னும் கூட நாளாகும்.

அதற்கு மேலும் சரியாகவில்லையென்றால் ஒவ்வொன்றாகப் பாருங்கள். புது ஷூ போட்டபின் அட்ஜஸ்ட் செய்தார்களா? அட்ஜஸ்டர் இடம் மாறவில்லையே? சிலிண்டர் மாற்றியபின் ஏர் முழுதாக எடுத்தார்களா? லைனிங்கில் கிரீஸ் கை பட்டதா? ஷூவின் அகலம் பழையதோடு ஒத்துப்போகிறதா? பெட்டியில் உங்கள் மாடல் பெயர் எழுதியிருந்தாலும் பழைய ஷூவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஏர் எடுக்கறப்ப முன்னாடி ஆயில் பீச்சியடிக்குது, பின்னாடி வரவே இல்ல. என்ன ஆச்சு?

முதலில் நிப்பிளை (ஏர் வெளியேறத் தளர்த்தும் சின்னத் திருகு) முழுதாகக் கழற்றி ஒரு மெல்லிய கம்பி விட்டுப் பாருங்கள். துருவும் மண்ணும் அடைத்திருப்பது நிறைய நடக்கும். அது சுத்தமாக இருந்தும் வரவில்லையென்றால் பின்னால் போகும் ரப்பர் ஹோஸைச் சந்தேகப்படுங்கள். வெளியே பார்க்க நன்றாக இருக்கும்; உள்பக்கம் ஊதி ஆயில் போகவே வழி இருக்காது. ஹோஸின் முன்முனையைத் தளர்த்தினால் ஆயில் வருகிறது, பின்முனையில் வரவில்லை என்றால் ஹோஸ்தான். பத்து வருடம் தாண்டிய ரப்பர் ஹோஸை நான் சோதித்துக்கூடப் பார்ப்பதில்லை, மாற்றிவிடுவேன்.

ஹோஸ் வரைக்குமே வரவில்லை என்றால் மேலே இரண்டு இடம்தான் பாக்கி: பின்னால் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு, அல்லது மாஸ்டர் சிலிண்டரில் அந்தப் பாதி. சில வேன்களில் இந்த வால்வு பின் ஆக்சிலோடு ஒரு கம்பியால் இணைந்திருக்கும், பாரம் ஏறினால் கூடுதலாகத் திறக்கும். கம்பி ஒடிந்தாலோ துருப்பிடித்தாலோ பின் பிரேக் எப்போதும் பாதிதான் பிடிக்கும்.

ஏர் எடுக்கும்போது இன்னொரு எச்சரிக்கை. பழைய வண்டியில் பெடலைத் தரை வரை மிதிக்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் வழக்கமாகப் போகாத தூரத்துக்குப் போய், அங்கே உள்ள துருவில் ரப்பர் கிழிந்துவிடும். நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் ஏர் எடுத்த அன்றே போவது பெரும்பாலும் இப்படித்தான். பெடலுக்கு அடியில் ஒரு கட்டையை வைத்துவிட்டு மிதிக்கச் சொல்லுங்கள். டப்பாவில் ஆயில் அடிமட்டத்துக்குப் போகாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காலியானால் எல்லாம் முதலிலிருந்து.

பிரேக் ஆயில் டீ கலர்ல இருக்கு. மாத்தணுமா? டாட் 3 வண்டியில டாட் 4 ஊத்தலாமா?

மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. அந்தத் தண்ணீர்தான் வீல் சிலிண்டரைத் துருப்பிடிக்க வைக்கிறது. பின்னால் இருப்பது லைனின் கடைக்கோடி என்பதால் அழுக்கும் ஈரமும் அங்கேதான் தங்கும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர எண். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பே 140 டிகிரிதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் சிலிண்டர் செலவு மிச்சம்.

டாட் 4 ஊற்றலாம், இரண்டும் ஒரே குடும்பம். டாட் 5 மட்டும் சிலிக்கான், அதைக் கலக்கவே கூடாது. அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றினால் ரப்பர் எல்லாம் ஊதி, முழு சிஸ்டத்தையும் மாற்ற வேண்டி வரும். பிரேக் ஆயில் பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஒரு பக்க டிரம் மட்டும் கொதிக்குது. இது வீக் பிரேக் பிரச்சினை இல்லைதானே?

இதுவும் அதே குடும்பம்தான். விடாமல் உரசும் ஷூ மெழுகிப்போகும், அப்புறம் தேவைப்படும்போது பிடிக்காது. ஹேண்ட் பிரேக் கேபிள் அந்தப் பக்கம் துருவில் மாட்டியிருக்கலாம், இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பிஸ்டன் திரும்பாமல் இருக்கலாம். பின்னால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி ஹோஸ் உள்ள வண்டி என்றால், மேலே சொன்ன ஊதிய ஹோஸும் இதைச் செய்யும்: மிதிக்கும்போது ஆயில் போகும், விட்டால் திரும்பாது. அந்த நேரத்தில் நிப்பிளைத் தளர்த்தியதும் சக்கரம் விடுபட்டால் ஹோஸ்தான் குற்றவாளி. விடுபடவில்லையென்றால் கேபிள், ஸ்பிரிங் பக்கம் பாருங்கள்.

ரோட்டுல தேங்குன தண்ணியில போனதும் பிரேக்கே இல்லாத மாதிரி ஆயிடுது.

டிரம்முக்குள் போன தண்ணீர் சீக்கிரம் வெளியே வராது. தண்ணீரைத் தாண்டியதும், பின்னால் வண்டி இல்லையென்று பார்த்து, மெதுவாக ஓட்டியபடியே லேசாகப் பெடலை அழுத்திப் பிடியுங்கள். சூட்டில் காய்ந்து பிடிப்பு திரும்பும். அன்று இரவு ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தாதீர்கள். சமதரையில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஈர ஷூ துருவோடு டிரம்மில் ஒட்டிக்கொண்டால் காலையில் வண்டி நகராது.

வால்பாறை இறங்கும்போது பாதியிலேயே பெடல் வீக் ஆயிடுது. ஷூ மாத்துனா சரியாகுமா?

நாற்பது கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கிலேயே இறங்கினால் எந்த ஷூவும் தாங்காது. பெடல் கெட்டியாகவே இருந்தும் பிடிக்கவில்லையென்றால் லைனிங் அளவுக்கு மீறிச் சூடேறிவிட்டது. பெடல் பஞ்சு மாதிரி ஆகி உள்ளே போனால் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது. ஈரம் ஏறிய பழைய ஆயிலில் இது சீக்கிரம் நடக்கும், காரணம் மேலே இருக்கிறது. இரண்டுக்கும் உடனடி வைத்தியம் ஓரமாக நிறுத்தி ஆறவிடுவதுதான். டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இரண்டாவது கியரில் இன்ஜின் வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும், பிரேக்கை அழுத்திப் போட்டு முழுதாக விடுங்கள். கியரைத் தட்டிவிட்டு நியூட்ரலில் இறங்குவதால் மிச்சமாகும் பெட்ரோல் ஒரு டீக்குக்கூடக் காணாது.

பூஸ்டர் வீக்கா இருந்தா பின் பிரேக் பிடிக்காதா?

பூஸ்டர் என்பது உங்கள் மிதிக்குக் கூடுதல் பலம் கொடுக்கும் பாகம். அது கெட்டால் நாலு சக்கரத்துக்கும் சேர்த்துத்தான் குறையும், பெடல் கல்லாக இருக்கும். பின்னால் மட்டும் வீக் என்றால் பூஸ்டரை விட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தால் இன்ஜினை அணைத்து நாலைந்து முறை மிதித்துவிட்டு, பெடலை அழுத்தியபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது.

எஃப்.சி. வருது. அதுக்கு மட்டும் ஹேண்ட் பிரேக் பிடிச்சா போதும், ஒரு சுலபமான வழி சொல்லுங்களேன்?

எஃப்.சி. என்றால் வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று. பதினைந்து வருடம் முடிந்து, ஐந்தைந்து வருடத்துக்கு ரினியூ செய்யும் வண்டிக்காரர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. சுலபமான வழி என்று நீங்கள் கேட்பது கேபிளை முறுக்குவதைத்தான். அதன் விளைவை ஹேண்ட் பிரேக் கேள்வியில் சொல்லிவிட்டேன். ரோலரில் ஏற்றிச் சோதிக்கும் இடத்தில் இடதும் வலதும் தனித்தனியாகத் தெரிந்துவிடும், அதனால் ஒரு பக்கம் மட்டும் பிடிப்பதும் மாட்டிக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இரண்டு டிரம்மையும் திறந்துவிடுங்கள்.

பேசாம பின்னாடியும் டிஸ்க் போட்டுடலாமே?

மாருதி 800 அளவுக்கு எடையுள்ள வண்டிக்கு நல்ல நிலையில் உள்ள டிரம்மே தாராளம். டிஸ்க் போட்டால் ஹேண்ட் பிரேக்குக்குத் தனி ஏற்பாடு வேண்டும். முன் பின் பிடிப்பின் விகிதம் மாறும். மாஸ்டர் சிலிண்டர், வால்வு எதுவும் அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. இரண்டாவது கேள்வியில் சொன்ன, பின் சக்கரம் முந்திக்கொண்டு லாக் ஆகும் ஆபத்தைக் காசு கொடுத்து வாங்குவது மாதிரி. அந்தக் காசில் நல்ல டயர் நாலு போடுங்கள்.

எல்லா வேலையும் முடிஞ்சுது. சரியா இருக்குன்னு எப்படி உறுதி பண்றது?

வண்டியை நகர்த்தும் முன்பே பெடலை மிதித்துப் பாருங்கள். டிரம்மைக் கழற்றி மாட்டியபின் முதல் மிதி காலியாகப் போவது வழக்கம். பிறகு வாகனம் இல்லாத காய்ந்த ரோட்டில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஹேண்ட் பிரேக் லிவரின் பட்டனை அழுத்தியபடியே மெதுவாக இழுங்கள். பின்பக்கம் லேசாகக் கீழே அமுங்குவது போலத் தெரிந்து, வண்டி நேராக நின்றால் சரி. ஒரு பக்கம் இழுத்தால் எதிர்ப்பக்கம் வீக். அடுத்து முதல் கேள்வியில் சொன்ன புறங்கைச் சோதனை. முன்னூறு கிலோமீட்டர் ஓடியதும் அட்ஜஸ்ட்மென்ட்டை ஒருமுறை திரும்பப் பாருங்கள். வீல் நட்டையும் அப்படியே ஒரு முடுக்கு முடுக்கிவிடுங்கள்.